ரெஜினாவுக்கு, உன் கல்லைப் பற்றி

அன்புள்ள ரெஜினா,

எங்கள் பக்கம் இந்தப் பெயர் சகஜம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் மட்டும் மூன்று ரெஜினாக்கள். அதனால் ஒரு ரோமானியக் கல்லறைக் கல்லின் படத்தில் உன் பெயரைப் பார்த்தபோது, தெரிந்த பெண் யாரையோ எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கணக்குப்படி நீ எனக்குப் பதினெட்டு நூற்றாண்டு மூத்தவள். ஆனால் கல்லில் உன் வயது 30 என்று வெட்டியிருக்கிறது, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கல் 1878-இல் சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் கலக்கும் ஊர். உன் காலத்தில் அங்கே ஒரு ரோமானியக் கோட்டை இருந்தது. சற்று மேற்கே ரோமானியர்களின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர். 122-இல் கட்டத் தொடங்கி, தீவின் குறுக்கே 117 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டது.

கல்லில் நீ பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். மடியில் நூல் நூற்கும் கோலும் கதிரும். வலது கை நகைப்பெட்டியைத் திறந்து பிடித்திருக்கிறது. இடப்பக்கம் கம்பளி உருண்டைகள் நிறைந்த கூடை. கழுத்திலும் கையிலும் கயிறு முறுக்கியது போன்ற நகை. ஒரு குறையும் இல்லாத குடும்பத் தலைவி. முகம் மட்டும் உடைந்துபோய்விட்டது.

கீழே லத்தீனில் எழுத்து: இறந்தோரின் தெய்வங்களுக்கு, ரெஜினா, அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள், மனைவி, பால்மைராக்காரர் பராத்தேஸ், பிறப்பால் கட்டுவெல்லௌனி என்ற பிரிட்டன் குடியினள், வயது 30. உன் வீட்டுக்காரருக்கு லத்தீன் இலக்கணம் அவ்வளவாக வராது போலிருக்கிறது. அல்லது செதுக்கியவருக்கு வராது. வேற்றுமை உருபு இடிக்கிறது. 'ரெஜினாவுக்கு' என்று வரவேண்டிய இடத்தில் 'ரெஜினாவை' என்பதுபோல ஏதோ நிற்கிறது.

வீட்டுக்காரர் என்று யோசித்துத்தான் எழுதினேன். தமிழில் புருஷனும் வீட்டுக்காரர்தான், வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான். உன் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள். உன்னை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் உன்னை விடுவித்துக் கட்டிக்கொண்டார். ரோமானியச் சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. ஆனால் தன் பழைய எஜமானனைக் கல்யாணம் செய்துகொண்ட பெண், அவன் சம்மதம் இல்லாமல் பிரிந்துபோய் வேறொருவரைக் கட்டிக்கொள்ள முடியாது என்றும் அதே சட்டம் சொன்னது. காதல் கதை என்று உன் கல்லை அடையாளம் காட்டுகிறார்கள். இருக்கலாம். இந்த ஒரு சங்கதி தெரிந்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவருடைய பால்மைரா சிரியாவின் பாலைவனத்தில், ஒட்டக வணிகத்தில் கொழித்த நகரம். (எங்கள் பனைமரத்துக்கும் ஆங்கிலத்தில் பால்மைரா என்றுதான் பெயர், ஆனால் அது போர்ச்சுகீசியர் வழி வந்த சொல். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைச் சொன்னது தத்மோர் என்று.) அங்கிருந்து உன் கல் கிடைத்த இடத்துக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். எல்லோரும் இந்தத் தூரத்தைத்தான் வியக்கிறார்கள். நீ வந்த தூரத்தை யாரும் அளப்பதில்லை. கட்டுவெல்லௌனிகளின் நாடு லண்டனுக்கு வடக்கே, இன்றைய செயின்ட் ஆல்பன்ஸைச் சுற்றி. அங்கிருந்து டைன் முகத்துவாரம் 350 கிலோமீட்டருக்கு மேல். சீசரையே எதிர்த்து நின்ற கஸ்ஸிவெல்லௌனஸ் உங்கள் ஆள் என்கிறார்கள். அந்தக் குடியில் பிறந்த பெண் தன் சொந்தத் தீவில் அடிமை. கடல் கடந்து வந்த சிரியாக்காரர் எஜமான். உன்னை யார் விற்றார்கள்? கடனா, பஞ்சமா? ரெஜினா என்றால் லத்தீனில் ராணி. அது உன் அம்மா வைத்த பெயரா, வாங்கியவர் வைத்ததா?

2017-இல் பிரிட்டனில் ஒரு சண்டை நடந்தது. ரோமானியக் காலத்துக் குடும்பம் ஒன்றைப் பிள்ளைகளுக்கான கார்ட்டூனில் காட்டியபோது அப்பாவுக்குக் கறுப்பு நிறம் கொடுத்துவிட்டார்களாம். இணையத்தில் அடிதடி. உன் ஊர்க் கல்லறைக்குப் போயிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். அங்கே விக்டர் என்ற பையனின் கல்லும் கிடைத்தது. வயது 20, பிறப்பால் மூர், அதாவது வடமேற்கு ஆப்பிரிக்கா. அவனும் விடுதலை பெற்ற அடிமைதான். விடுவித்தவர் நுமேரியானுஸ், ஸ்பெயினின் அஸ்தூரியர் பெயரைத் தாங்கிய குதிரைப்படையில் வீரர். சுவரோரம் கார்வோரன் கோட்டையில் சிரியாவின் ஹமா ஊர் வில்லாளிகள். பின்னால் மூன்றாம் நூற்றாண்டில், சுவரின் மேற்கு முனைப் பக்கம் ஒரு மூர் படைப்பிரிவு. நான்காம் நூற்றாண்டில் உன் கோட்டைக்கே டைக்ரிஸ் நதிப் படகோட்டிகள் பெயரில் ஒரு படை. நிறம் என்ன என்று இந்தக் கல்லெல்லாம் சொல்வதில்லை. 'பிறப்பால் இன்னார்' என்பதோடு விட்டுவிடுகின்றன. "நீங்க எந்த ஊரு?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பாரே, அதற்குப் பதில் மாதிரி.

அப்புறம் ஒரு சின்னச் செய்தி, உனக்கு இல்லாவிட்டாலும் எனக்கு முக்கியம். சுவரை ஒட்டிய விண்டோலாண்டா கோட்டையில் மையால் எழுதிய மெல்லிய மரத்தகடுகள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. அதில் ஒரு கணக்கில், தப்போவின் மகன் கம்பாக்ஸ் இரண்டு தெனாரியுஸுக்கு (ரோமானிய வெள்ளிக் காசு) மிளகு வாங்கியிருக்கிறான். மிளகு விளைந்தது எங்கள் மேற்குமலையில், கப்பலேறியது முசிறியில். யவனர் பொன் கொடுத்து மிளகு ஏற்றிப் போனதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. சேர நாட்டுக் காரம் அந்தக் குளிரில் யாரோ ஒருவன் நாக்கில் பட்டிருக்கிறது. உன் சமையலறை வரை வந்ததா?

சரி, கல்லுக்கு வருகிறேன். லத்தீனுக்குக் கீழே இன்னும் ஒரு வரி, வலமிருந்து இடமாக, பால்மைரா எழுத்தில். லத்தீனில் தடுமாறிய உளி இங்கே தடுமாறவே இல்லை. 'ரெஜினா, பராத்தேயின் விடுதலை பெற்றவள், ஐயோ.' அவ்வளவுதான். வயது இல்லை, குலம் இல்லை, மனைவி என்றுகூட இல்லை. பேரரசின் மொழியில் உன்னை மனைவி என்றவர், சொந்த மொழியில் அதை விட்டுவிட்டு ஐயோ என்கிறார். அந்தச் சொல் பால்மைராவில் கல்லறைக்குக் கல்லறை இருக்கும் வாய்பாடு என்பதும் தெரியும். இருக்கட்டுமே. எங்கள் ஒப்பாரியிலும் சொற்கள் வாய்பாடுதான், அழுகை வாய்பாடு இல்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது.

ஆனாலும் கல்லில் இருப்பது இரண்டு மொழி. இரண்டில் ஒன்றுகூட உன்னுடையது இல்லை. நீ அழுதால் என்ன சொல்லி அழுதிருப்பாய் என்பதை அந்தக் கல்லிடம் கேட்க முடியாது.

ஆற்றோடு மேலே போனால், நாற்பது கிலோமீட்டர் தொலைவில் கார்பிரிட்ஜில், இன்னொரு கல் கிடைத்தது. பெயரின் முன்பகுதி உடைந்து '...ராதேஸ், பால்மைராக்காரர்' என்று மிச்சம். வயது 68. உன் வீட்டுக்காரராக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உருவம் இல்லாத எளிய கல், லத்தீன் மட்டும். ஊர்ப் பெயரைக்கூடப் 'பால்மோரேனுஸ்' என்று தப்பாக வெட்டிவிட்டார்கள். கீழே சிரியாக்காரர் எழுத்தில் வரி எதுவும் இல்லை. அவருக்கு ஐயோ என்று எழுத அந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை.

அன்புடன்,
ரெஜினாக்களோடு படித்த ஒருத்தி