3 நிமிடமா, 14 நிமிடமா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. நீ கேட்டிருந்ததற்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். மகள் ஸ்கூபா டைவிங் சான்றிதழ் வாங்கிவிட்டாள், முதல் பயணமே உன்னோடுதான் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்த அட்டவணையை வைத்துக்கொண்டு, இத்தனை மீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று நாம் இருவரும் விரல்விட்டு எண்ணிய நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன.

ஆனால் அடுத்த பத்தியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அன்றைய மூன்றாவது டைவ், 18 மீட்டர், நடுவில் நிற்காமல் மேலே வருவதென்றால் அங்கே இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் காட்டுமே, அது உன் கையில் 14, அவள் கையில் 3. அவள் மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டுகிறாள், நீ கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு அங்கேயே இருந்துவிட்டாய், அவள் உனக்கு ஆறு மீட்டர் மேலே தனியாகக் காத்திருந்தாள். கரைக்கு வந்ததும் இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பொய் சொல்கிறது என்று என்னிடம் கேட்கிறாய்.

இரண்டும் பொய் சொல்லவில்லை. அதே சமயம், இரண்டும் உங்கள் உடம்பைப் பார்க்கவும் இல்லை. அதற்குத் தெரிந்தது ஆழம், நேரம், நீ பதிந்து வைத்த வாயு, இவ்வளவுதான். மற்றதெல்லாம் கணக்கு. 1908இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்துப் போட்ட அடித்தளம்தான் இன்னும் உள்ளே ஓடுகிறது. உடம்பைச் சில கற்பனைத் திசுக்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் நைட்ரஜனை ஏற்றி இறக்குகிறது என்று பின்தொடர்வது. அவர் ஐந்து திசு வைத்தார். சூரிச்சில் இருந்த ஆல்பர்ட் பியூல்மன் அதைப் பதினாறாக்கினார், ஐந்து நிமிடத்தில் பாதி நிரம்பும் திசுவிலிருந்து 635 நிமிடம் எடுக்கும் திசு வரை. ஒவ்வொன்றுக்கும், மேலே வரும்போது இவ்வளவு நைட்ரஜன் வரைதான் தாங்கும் என்று ஒரு வரம்பு. அந்த வரம்பு ஒரு சுவர் இல்லை. அதற்கு இந்தப் பக்கம் நின்றால் பெண்ட்ஸ் (மேலேறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழியாவதால் வரும் நோய்) வராது, அந்தப் பக்கம் போனால் வந்துவிடும் என்று யாரும் எழுதித் தரமுடியாது. நெருங்க நெருங்க ஆபத்து ஏறுகிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் நிற்பது என்பதில்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேறுபடுகிறது.

உன் மகளிடம் இருப்பது ஷியர்வாட்டர் கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கிறாய். அது பியூல்மன் கணக்கின் மேல் கிரேடியன்ட் ஃபேக்டர் என்ற ஒன்றை வைக்கிறது, எரிக் பேக்கர் கொண்டுவந்த முறை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருந்தால் அவளுடையது நடுத்தர செட்டிங்கில் இருக்கும், 40/85. நிற்காமல் மேலே வரக்கூடிய சாதாரண டைவுக்கு இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்தால் போதும். நீர்மட்டத்துக்கு வரும்போது பியூல்மன் அனுமதித்த கூடுதல் அழுத்தத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போகாதே என்று அர்த்தம். இதே கருவியில் தளர்வான செட்டிங் 45/95, கடுமையானது 35/75. சும்மா சொல்லாமல் நேற்று உட்கார்ந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டரில் காற்றோடு முதல் டைவ், மேலேறும் நேரத்தைச் சேர்க்கவில்லை: 95க்குச் சுமார் 15 நிமிடம், 85க்கு 12, 75க்கு 9. ஒரே கருவி, ஒரே கணக்கு, மெனுவில் ஒரு வரி மாறினால் இவ்வளவு வித்தியாசம்.

உன் பழைய ஓஷியானிக் கம்ப்யூட்டர் வேறு பரம்பரை. அது டிசாட் கணக்கில் ஓடுகிறது, நாம் விரல்விட்டு எண்ணிய அந்த பாடி (PADI) பயிற்சி நிறுவனத்தின் அட்டவணைக்கும் அதுதான் அடிப்படை. அந்த அட்டையில் 30 மீட்டருக்கு 20 நிமிடம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதே ஆழத்துக்கு அவளுடையது 12. ஆக முதல் டைவிலேயே இடைவெளி இருக்கிறது. மூன்றாவது டைவில் அது இன்னும் விரிவதற்குக் காரணம், அந்த நேரத்தில் கடிவாளத்தைப் பிடித்திருப்பது மெதுவான திசுக்கள். காலையில் ஏற்றிக்கொண்டதை அவை இன்னும் இறக்கி முடித்திருக்காது. அந்த மிச்சத்தை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

இதில் மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. புரூஸ் வீன்கேயின் ஆர்ஜிபிஎம் என்ற கணக்கின் வழியில் சூன்டோ, மாரெஸ், கிரெஸ்ஸி கம்பெனிகள் எல்லாம் தங்களுக்கென்று ஒரு வடிவம் செய்து வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளையும் கணக்கில் எடுப்பதாகச் சொல்வது. நடைமுறையில் அது எப்படித் தெரியும் என்றால், முதல் டைவில் மற்றவர்களோடு ஒட்டிப் போகும், ஆனால் இடையில் குறைவாக ஓய்வெடுத்தாலோ, வேகமாக மேலேறினாலோ, பல நாள் தொடர்ந்து இறங்கினாலோ நேரத்தை வெட்டத் தொடங்கிவிடும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. (2024இல் வந்த ஓஷன் கைக்கடிகாரத்தில் சூன்டோவே பியூல்மன் பக்கம் வந்துவிட்டது, அது வேறு கதை.)

ஒரு கம்பெனியின் "நடுத்தரம்" இன்னொரு கம்பெனியின் நடுத்தரம் இல்லை, இதை மட்டும் அவளிடம் சொல்லி வை. சூன்டோவில் பூஜ்யம் என்பதும் ஷியர்வாட்டரில் மீடியம் என்பதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அப்புறம், எச்சரிக்கை போலத் தெரிவதெல்லாம் பாதுகாப்பும் இல்லை. ஆழத்திலேயே ஒருமுறை நின்று வருவதுதான் நல்லது என்று நாம் எத்தனை வருடம் நம்பினோம்? அமெரிக்கக் கடற்படை ஆட்களை வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மொத்த நேரம் ஒன்றாகவே இருந்தும், ஆழத்தில் அதிகம் நின்றவர்களுக்குத்தான் கூடுதலாகப் பெண்ட்ஸ் வந்தது. அது கட்டாய நிறுத்தம் வைத்துப் போகும் ஆழமான டைவ், நம்முடையது இல்லை. இருந்தாலும் அதைப் படித்த நாளிலிருந்து எந்த செட்டிங்கையும் பெயரைப் பார்த்து நம்புவதில்லை நான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லவேண்டும். ஏழு வருடத்துக்கு முன் ஒரு படகுப் பயணம், ஐந்து நாள், தினம் மூன்று டைவ். நான்காம் நாள் காலையில் என் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்துவிட்டது. படகில் கூடுதலாக ஒன்று இருந்தது, கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மூன்று நாளாக நான் ஏற்றி வைத்திருந்த நைட்ரஜன் அதன் நினைவில் இல்லை. ஊரிலிருந்து அன்றுதான் வந்து இறங்கிய புது ஆள் என்று நினைத்துக்கொண்டு தாராளமாக நிமிடங்களைக் கொடுத்தது, நானும் எடுத்துக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை ஒலி வரவில்லை, மெதுவாகத்தான் ஏறினேன், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றேன். சாயங்காலம் இடது தோளுக்குள் ஆழமாக ஒரு வலி. கையை எப்படித் திருப்பினாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிலிண்டர் தூக்கியதில் பிடித்த சுளுக்கு என்று இரண்டு மணி நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு யாரிடமும் வாய் திறக்காமல் படுத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அப்புறம் ஆக்சிஜன், கரை, அழுத்த அறையில் ஒரு இரவு. முழுதாகச் சரியாகிவிட்டது, பயப்படாதே. ஆனால் அன்று என் கையில் இருந்த எண் கடைசி வரை "சரி" என்றுதான் காட்டியது.

நமக்கு வயது அறுபதைத் தொடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தண்ணீர் குடித்தாயா, இரவு தூங்கினாயா, நீரோட்டத்தை எதிர்த்துக் கால் வலிக்க உதைத்தாயா, மேலேறும்போது குளிரில் நடுங்கினாயா, எதுவும் தெரியாது. ஸ்கூபாப்ரோவின் கலிலியோ போலச் சில இதயத் துடிப்பையும் மூச்சையும் கணக்கில் சேர்க்கப் பார்க்கின்றன, நல்ல முயற்சிதான், ஆனாலும் உன் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று அவையும் பார்ப்பதில்லை. நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, குமிழிகள் கடந்து போகக்கூடிய ஒரு சிறு வழி மூடாமலே இருக்கிறது. அதில் நானா, நீயா, அவளா என்று எந்தத் திரையிலும் வராது. அதனால் அவளுடையது ஓவர் எச்சரிக்கை, உன்னுடையது நியாயம் என்று நீ எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நம் வயதுக்கு உன்னுடையதுதான் தாராளம்.

செய்ய வேண்டியது ஒன்றும் கஷ்டமில்லை. உன் ஓஷியானிக்கில் இரண்டு கணக்கும் உள்ள மாடலா என்று மெனுவில் தேடிப் பார். இருந்தால் டிசாட்டை விட்டுவிட்டு இசட் பிளஸ்ஸுக்கு மாற்று, அது பியூல்மன் வழி, அவளுடையதோடு ஓரளவு சேர்ந்து போகும். கன்சர்வேட்டிவ் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும், அதையும் ஆன் செய். கடல்மட்டத்தில் இருக்கும்போதே மூவாயிரம் அடி உயரத்து ஏரியில் இறங்குவதாக வைத்து நேரத்தைக் குறைக்கும். வசதி இருந்தால் இருவரும் 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய, நைட்ரஜன் குறைந்த கலவை) எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் காற்றிலேயே விட்டுவிடுங்கள். கூடுதல் ஆக்சிஜன் ஆழத்தில் ஆபத்து என்பதால் 33 மீட்டருக்குக் கீழே மட்டும் போகக்கூடாது, கருவி காற்றென்று நினைப்பதால் அதை எச்சரிக்காது, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது 35/75இல் வைத்திருக்கிறேன். ஒரு டைவுக்குச் சில நிமிடம் போகிறது. பெரும்பாலும் அதற்கு முன்பே என் சிலிண்டரில் காற்று குறைந்துவிடுகிறது, அதனால் இழந்ததாகவே தெரியவில்லை.

எந்த செட்டிங் வைத்தாலும், யாருடைய கையில் குறைவான எண் இருக்கிறதோ அதுதான் இருவருக்கும் எண். அவள் கட்டைவிரலைக் காட்டினால் நீயும் கூடவே ஏறு. உன் 11 நிமிடத்துக்காக அவளை நடுத்தண்ணீரில் தனியாக நிற்க வைக்காதே, நண்பா. இதை எழுதத்தான் பத்து நாள் எடுத்தது.

அடுத்த மாதம் மறுபடி போவதாகச் சொன்னாயே. போகும்போது தண்ணீருக்குள் எழுதும் ஒரு ஸ்லேட்டை எடுத்துக்கொள். மூன்று டைவிலும் பத்தாவது நிமிடம், இருபதாவது நிமிடம் இரண்டு கம்ப்யூட்டரிலும் என்ன எண் என்று அவளையே எழுதச் சொல். எனக்கு அனுப்பு, நான் கணக்குப் போட்டு எந்தத் திசு பிடித்து இழுத்தது என்று அவளுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய டைவ் கூட்டாளி