நம் தொடர் ரசிகர் வட்டத்தின் 2023 ஆண்டறிக்கை

தலைவர் அம்மா, பொருளாளர் அண்ணன், வந்திருக்கும் எல்லாருக்கும், வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கையை ஒரே பக்கத்தில் முடித்தேன். இந்த முறை நீளும். வழக்கமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பொங்கல் வைத்தோம். பிப்ரவரியில் காவடி இருந்ததால் கூட்டம் இல்லை. மற்றபடி நவம்பர் வரை மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அதே அறையில், மொத்தம் பத்துக் கூட்டங்கள். தீபாவளிப் பலகார விற்பனை ஓரளவு கைகொடுத்தது. டிசம்பரில் ஆண்டிறுதிச் சாப்பாடு நடந்தது. அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டு முழுக்க நாம் பார்த்தது 'மெட்டி ஒலி'. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த தொடர், திருமுருகன் இயக்கியது, வசனம் பாஸ்கர் சக்தி. சிதம்பரம் என்ற அப்பா, அவருக்கு ஐந்து பெண்கள், ஒவ்வொரு பெண்ணும் வாழப் போன இடத்தில் என்ன ஆனாள் என்பதுதான் கதை. இருபது வருஷப் பழைய தொடரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று மார்ச் கூட்டத்திலேயே கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் சரியாக வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் 2004இல் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து டர்பன் வந்தவள். 'மெட்டி ஒலி' பாதியில் இருந்தது. இங்கே எங்கள் வீட்டில் அப்போது சன் டிவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கார்டைச் சுரண்டி, அந்த நீள நம்பரைத் தப்பில்லாமல் போட்டு அம்மாவைக் கூப்பிடுவேன். பத்து நிமிஷம் பேசலாம், அதில் ஐந்து நிமிஷம் அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சரோ, அவள் மாமியார் ராஜம், புருஷன் மாணிக்கம் கதைதான். "இந்த வாரம் அந்த ராஜம் என்ன கேட்டா தெரியுமா, அதுக்கு மாணிக்கம் என்ன சொன்னான் தெரியுமா" என்று அம்மா ஆரம்பித்தால் கதையை மட்டும் சொல்ல மாட்டாள், யார் எந்த வார்த்தை சொன்னார்கள், எந்த வார்த்தைக்கு யார் முகம் சுண்டியது என்று வசனத்தோடு சொல்வாள். ஒரு காட்சிகூடப் பார்க்காமல் அந்த வீடு முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது. நல்ல வசனம் படம் இல்லாமலும் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஃபோனில்தான். அதனால்தான் இந்தத் தொடரை எடுத்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நாம் இந்த ஆண்டு செய்த ஒரே உருப்படியான வேலை அங்கேதான் தொடங்கியது. அன்றைக்குப் பதினொரு பேர். குளிர்காலம், ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. மாமியார் ராஜம் சரோவிடம் ஏதோ கேட்கிறாள், சரோ நிமிர்ந்து பார்க்கிறாள், டக்கென்று கரண்ட் போய்விட்டது. எல்லாரும் செல்ஃபோன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருப்பானேன் என்று, இப்போது சரோ என்ன சொல்லுவாள், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றேன். சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி நாலு வரியில் ஆவேசமாக ஒரு பதில் சொன்னார். ஃபீனிக்ஸிலிருந்து வரும் அக்கா, அழுதுகொண்டே உள்ளே போய்விடுவாள் என்றார். எழுபத்தெட்டு வயது ஆயா ஒருவர் இருக்கிறார், வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர், தமிழ் கேட்டால் புரியும், பேச யோசிப்பார். அவர் மெதுவாக, "ஒன்னும் சொல்ல மாட்டா. பேசினா விசனம் ஜாஸ்தியாயிடும்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. சரோ ஒன்றும் சொல்லவில்லை. ஆயா கையைத் தட்டிச் சிரித்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த 'விசனம்' என்ற சொல்லை என் பாட்டி சொல்லிக் கேட்டதுக்கு அப்புறம் நான் கேட்டதே இல்லை. தோட்ட வேலைக்கு வந்தவர்களின் ஊர்த் தமிழ் நூற்று அறுபது வருஷமாக ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, ஒரு தொடரின் வசனம் அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

வசன நோட்டு அப்படிப் பிறந்தது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பேசுவது போலவே எழுதிக்கொள்கிறோம். பக்கத்திலேயே ஒரு கோடு போட்டு, அதே பேச்சை நம் ஆயாக்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதுகிறோம். மற்ற நாட்களில் நான் வீட்டில் உட்கார்ந்து சில காட்சிகள் எழுதினேன். இருநூறு பக்க நோட்டு இரண்டு நிறைந்துவிட்டது.

கையால் எழுதினால்தான் சில விஷயம் தெரிகிறது. வசனம் பெரும்பாலும் ஆறேழு சொல்லுக்கு மேல் போவதில்லை. சண்டை வந்தாலும் பேச்சு சோற்றைப் பற்றியோ, சீரைப் பற்றியோ, யார் யாரைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்பதைப் பற்றியோதான் இருக்கும், உள்ளே இருக்கும் கோபம் அதில் ஏறிக்கொண்டு வரும். முறை வைத்துக் கூப்பிடுவதிலேயே பாதிக் கதை சொல்லிவிடுகிறார்கள். 'மாப்பிள்ளை' என்ற ஒரு சொல்லை அந்த அப்பா எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டோம். கொடுமைக்காரி ராஜத்துக்குக்கூட அவள் பக்கம் நின்று பேச வசனம் கொடுத்திருக்கிறார்கள். எழுதுகிறவருக்கு அவள் மேலும் அக்கறை இருந்தால்தான் அது வரும்.

இப்போதைய தொடர்கள் எல்லாமே மோசம் என்று நான் சொன்னதாக ஒரு பேச்சு ஓடுகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஜவ்வாக இழுப்பது பழைய தொடர்களிலும் உண்டு. 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை 1,533 பகுதி ஓடியது, அதில் இழுவையே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை எடுத்து, விளம்பரம் பிடித்து ஈடுகட்டுகிற ஏற்பாட்டில், நன்றாக ஓடும் கதையை முடிக்க யாருக்கு மனசு வரும்? நான் சொல்வது ஒன்றுதான். இழுத்தாலும், ஆள் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் பார்க்கலாம். 'கோலங்கள்' அபியைத் தேவயானி ஆறு வருஷம் தூக்கி நிறுத்தினார் என்றால் அவருக்கு நிற்க ஒரு தரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1999இல் வந்த 'சித்தி'யும் அப்படித்தான், சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று நாம் வைத்திருந்த நினைப்பை ராதிகாவை வைத்து அது தலைகீழாக்கியது. ஆள் யார் என்பதை மறந்துவிட்டு, ஒரே முகத்தை மூன்று தடவை காட்டி டமால் டமால் என்று இசை போட்டால் அதை எப்படி எழுத்து என்று சொல்வது?

ஆகஸ்டில் நான் அரை மணி நேரம் பேசியது நீளம் என்று குறை சொன்னார்கள். 'த போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்' என்ற அமெரிக்கத் தொடரை இருபது இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கும் அத்தைமார் நம்மிடம் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் அதைத் தயார் செய்தேன். அந்தத் தொடரை 1987இல் தொடங்கியவர்கள் வில்லியம் பெல்லும் அவர் மனைவியும். பெல் தொழில் கற்றது இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்ணிடம். ஆசிரியையாக இருந்த அந்த அம்மாள் 1930இல் சிகாகோ வானொலியில் இந்த மாதிரித் தொடரை ஆரம்பித்தவர். அவர் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் டிவிக்கு வந்து, 2009 வரை ஓடியது. உட்கார்ந்து எழுத மாட்டாராம், ஒவ்வொரு பாத்திரமாகப் பேசிக் காட்டுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். என் அம்மா ஃபோனில் செய்ததும் அதேதான் என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976இல்தான். அதற்கு முன்னால் வானொலி நாடகத்துக்கு முன் உட்கார்ந்திருந்த நம் பெரியவர்களுக்கு நான் சொன்னது உடனே புரிந்தது. 'எகோலி', 'இசிடிங்கோ' என்ற இந்த ஊர்த் தொடர்களைப் பற்றி அவர்கள் பேசியதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8ஆம் தேதி, 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் காலமானார். மறுநாள் நம் கூட்டம். வழக்கமாக வராதவர்கள்கூட அன்று வந்தார்கள். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே மாலை ஆறு, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஆதி குணசேகரனைத் திட்டிக்கொண்டே பார்த்த வீடுகள் நம்முடையவை. அன்று படம் போடவில்லை, ஒரு விளக்கு வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க நாம் திட்டிய ஒரு மனிதருக்காக அத்தனை பேர் அழுதார்கள். அந்தப் பாத்திரத்தை எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தபோது, ஆளை மாற்றியது சரியா, பாத்திரத்தையே முடித்திருக்க வேண்டுமா என்று அக்டோபர் கூட்டம் முழுக்க வாக்குவாதம். முடித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி நாலு பேரும் அவர் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய கதை. பெரும்பான்மை என் பக்கம் இல்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

இப்போது கசப்பான பகுதி. நம் பட்டியலில் நாற்பத்தொரு பேர். செப்டம்பர் தவிர எந்தக் கூட்டத்துக்கும் பதினாலு பேருக்கு மேல் வந்ததில்லை. உடம்பு சரியில்லாதவர்களையும், வாகனம் இல்லாமல் டோங்காட்டிலிருந்து வர முடியாதவர்களையும் நான் சொல்லவில்லை. நம் குழுவில் ஒரே இரவில் நாற்பது வாய்ஸ் நோட் போடுகிறவர்கள், கூட்டம் என்றால் ஆடிக்கொரு நாள் அமாவாசைக்கொரு நாள் தலையைக் காட்டுகிறார்கள். நாளைக்குக் கூட்டம் என்று போட்டால், லிங்க் அனுப்புங்கள் என்று பதில் வருகிறது. லிங்க் அனுப்புவதற்காக நாம் தொடங்கிய வட்டம் இல்லை இது. ஒருவர் சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அது ஏன் சிரிப்பு என்று கேட்கத் தோன்ற வேண்டும், அதற்குத்தான் ஒரே அறையில் உட்காருகிறோம்.

செயலாளர் தன் நோட்டுக்காகவே கூட்டம் நடத்துகிறார் என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. நோட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று நாலு தடவை அறிவித்தேன், எடுத்துப் போனவர் ஒருவர், அதுவும் அந்த ஆயாவின் பேத்தி. இந்தித் தொடர்களை இங்கிலீஷில் போடும் ஜீ வேர்ல்டைப் பார்க்கலாமே, பிள்ளைகளுக்குப் புரியுமே என்பவர்களுக்கு: அதை வீட்டில் தாராளமாகப் பாருங்கள், நானும் பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பேச்சுக்கு என்று விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன்.

சந்தா மாதம் இருபது ராண்ட். முழு ஆண்டும் கட்டியவர்கள் பன்னிரண்டு பேர். அடுத்த வாரம் தருகிறேன் என்றவர்களிடம் மூன்றாவது முறை கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பொருளாளர் அண்ணனுக்கு என்னைவிடக் கூச்சம். கணக்கு என்று பார்த்தால், சந்தாவும் பலகார விற்பனையும் ஒருவர் கொடுத்த நன்கொடையும் வரவு; அறை வாடகை, டீ, சமோசா, நோட்டு, ஜூனுக்கு அப்புறம் வாங்கிய பேட்டரி செலவு. பேட்டரி கொஞ்சம் கையைக் கடித்துவிட்டது. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்து, கையில் சிறு தொகை மிச்சம் இருக்கிறது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, கேட்டால் காட்டுவார்.

அறையைக் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து போன தம்பிக்கும், ஒவ்வொரு மாதமும் மிளகாய்க் கடி (காரப் பக்கோடா) சுட்டுக் கொண்டுவந்த மெரபாங்க் அக்காவுக்கும், எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 'மெட்டி ஒலி'யை முடிப்பதற்குள் நடுவில் ஒரு மாற்றத்துக்கு, நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கருப்பனையும் முனீஸ்வரரையும் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கும்பிடும் நம் குடும்பங்களுக்கு அதில் பேச நிறைய இருக்கும். ஆனால் அதை நான் தனியாக இழுத்துச் செல்ல முடியாது. ஆறு வருஷமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன், வீட்டில் மாமியாருக்கும் முடியவில்லை. என் பெயரை மறுபடி முன்மொழிய நினைக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: மூன்றாவது நோட்டை எழுத இரண்டு பேர் பெயர் கொடுங்கள். தமிழ் எழுத வராதவர்கள் ஆயாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை ஃபோனில் பதிவு செய்தால் போதும். ஆயாவுக்குப் பிப்ரவரியில் எழுபத்தொன்பது.

ஜனவரிக் கூட்டம் 13ஆம் தேதி, மூன்றரை மணிக்கு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு உறையில் பெயர் எழுதிப் போட்டு மேசையில் இருக்கும் டப்பாவில் வையுங்கள், நான் யாரிடமும் கேட்க மாட்டேன்.

செயலாளர்