பால்மரத்துக்கும் ஒரு தொடர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். இரவுச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் ரிமோட் பேத்தி கையில். பாட்டுப் போட்டியில் பிள்ளைகள் அழுதால் மருமகளும் அழுகிறாள். பிக்பாஸ் சண்டை என்றால் நானே நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வேன், பொய் சொல்வானேன்! ஆனால் இயற்கை ஆவணப்படக்காரர் டேவிட் அட்டன்பரோ பெங்குவின்களைக் காட்டும்போதுதான் வீடே அடங்குகிறது.

முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் நான். 1877இல் நம் மலேசியாவின் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகளாக ஊன்றிய ரப்பர், விடியுமுன் நெற்றி விளக்கோடு, பால் வடியும் கிண்ணமான மங்கு துடைத்த எங்கள் கைவரை வந்த கதையையும் இப்படிப் பொறுமையாக, தமிழில், வாரத் தொடராகக் காட்டக் கூடாதா? நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான பழைய லயங்கள் இடிவதற்குள் கேமராவோடு வரட்டும். நான் பால் வெட்டிய உளி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பீடோங், கெடா