1995க்கு முன்னால் ஒரு தொப்பி ஆலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் விளையாட்டும் பணமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட், கால்பந்து பற்றிச் சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. ரக்பிக்கு ஒதுக்கிய அரைப் பத்தியில்தான் இடறியது. 1995 ஆகஸ்டில் சர்வதேச ரக்பி வாரியம் சம்பளத்தை அனுமதித்த பிறகுதான் அந்த ஆட்டத்துக்குள் பணம் வந்ததாம். அதுவரை ஊர்ப் பிள்ளைகள் ஊர்ப் பெருமைக்காக மட்டுமே ஆடினார்களாம். சம்பளத்துக்கு ரசீது போட ஆரம்பித்த வருடம் என்று வேண்டுமானால் 1995ஐச் சொல்லலாம். சம்பளம் அதைவிட எழுபது வயது மூத்தது.

என் மகள் பிரான்ஸில் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறாள். மூன்று மாதம் அங்கே போய் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனாள். ஓத் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பலகையில் இருந்ததை நான் 'குவில்லன்' என்று படித்தேன். 'கீயான்' என்று திருத்தினாள். அந்த ஊர் 1929ல் பிரான்ஸ் நாட்டு ரக்பி சாம்பியன். அப்போது அதன் ஜனத்தொகை மூவாயிரம் சொச்சம். நம்பவில்லை. பிறகு தேடித்தேடிப் படித்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கவே ஒரு காலத்தில் ஃபெல்ட் தொப்பி ஆலைகள், அதாவது நெய்யாமல் கம்பளி இழையை அழுத்திச் செய்யும் தொப்பி. கீயானில் பெரிய ஆலை முதலாளி ழான் பூரெல் என்பவர். ஊருக்கு மேயராகவும் இருந்தார். ஊர்ப் பெயர் நாடு முழுக்க அடிபட்டால் தொப்பியும் கூடவே விலை போகும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் எடுத்த வழி, ஊர் ரக்பி கிளப். 1925ல் சாம்பியன் ஆன பெர்ப்பிஞான் அணியிலிருந்து ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு வந்தார். பிரான்ஸ் அணிக்கு ஆடிய எழென் ரிபேர் வந்தார், ழான் கலியா வந்தார். பயிற்சியாளர் ழில்பேர் ப்ருதுஸும் வந்துவிட்டார். அப்போது ரக்பியில் காசு வாங்கினால் தடை. அதனால் காகிதத்தில் எல்லோரும் தொப்பி ஆலை ஊழியர்கள்.

பக்கத்து ஊரான எஸ்பெராஸாவில் தொப்பி அருங்காட்சியகம் இருக்கிறது. நான் கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதியவன். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இழையைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் மெஷின். நம் மில்லில் கார்டிங்கில் இருந்து ஸ்லைவராக, தடித்த கயிறு மாதிரி இறங்கும். அங்கே கம்பளி இழை மெல்லிய வலை மாதிரி வந்து, சுழலும் இரட்டைக் கூம்பின் மேல் சுற்றிக்கொள்கிறது. நடுவில் வெட்டினால் இரண்டு மணி வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரு தலை கொள்ளாத அளவு பெரிது. ஆவியிலும் வெந்நீரிலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாகச் சுருக்குகிறார்கள். அப்புறம் சாயம், கடைசியில் மர அச்சில் மாட்டி வடிவம் பிடிப்பது. சூடும் ஈரமும் ஆவியுமாக நின்று செய்யும் வேலை. இந்த வரிசையில் எந்த இடத்தில் ரிபேரின் பெயரை எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

யோசித்ததற்குக் காரணம் உண்டு. நான் இருந்த மில்லிலும் வாலிபால் ஆடுவதற்கென்றே எட்டுப் பேரை எடுத்திருந்தார்கள். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவர்கள் ரீலிங், அதாவது நூல் சுற்றும் பிரிவு. மாதம் பிறந்தால் அவர்களுக்கு ஓவர்டைம் போட்டவன் நான்தான். ரீலிங்கில் ராத்திரி ஷிப்டில் நின்ற பெண்களுக்கு அதே மாதம் ஓவர்டைம் பாக்கி இருக்கும். ஆனாலும் கோப்பையோடு லாரியில் பையன்கள் வந்து இறங்கியபோது அந்தப் பெண்களும்தான் வாசலுக்கு ஓடி வந்தார்கள். இதற்கு என்ன விளக்கம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஊர்ப் பெருமை ஒரு பக்கம், பணம் மறு பக்கம் என்று கட்டுரையாளர் கோடு போட்டதும் எனக்குக் கை அரித்தது அதனால்தான்.

சரி, கீயானுக்கு வருகிறேன். பறிகொடுத்த பெர்ப்பிஞான் சும்மா இருக்குமா? 1927ல் இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் கீயானின் ஹூக்கர் காஸ்தோன் ரிவியேர் படுகாயமடைந்து இறந்துபோனார். ஹூக்கர் என்பவர், இரு அணியினரும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசை நடுவே, இரண்டு கைகளையும் பக்கத்து ஆட்களின் தோளில் போட்டு நிற்பவர். அடி வந்தால் தடுக்கக் கை இருக்காது.

1928 இறுதி ஆட்டத்தில் போ (Pau) என்ற ஊரின் அணியிடம் 6-4 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் மறுபடி இறுதிக்கு வந்தால், எதிரே நிற்பது அதே ஓத் மாவட்டத்தின் திராட்சைத் தோட்ட ஊரான லெஸீஞான்! அதன் பயிற்சியாளர் ழான் செபெதியோவுக்கு 'சுல்தான்' என்று பட்டப்பெயர். துலூஸில் நடந்த அந்த ஆட்டம் அடிதடிக்குப் பேர் போனது. கீயான் 11-8 என்று ஜெயித்தது. 1930ல் மூன்றாவது முறையாகவும் இறுதி. கூடுதல் நேரத்தில் அஜென் அணி அடித்த ஒரே டிராப் கோலில் (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைத்து அடிப்பது), அப்போது அதற்கு 4 புள்ளி, 4-0 என்று தோல்வி. அந்த வருட அரையிறுதி ஒன்றில், இது கீயான் ஆடியதல்ல, அஜென்னின் 18 வயதுப் பையன் ஒருவன் டாக்கிளில், அதாவது எதிராளி பிடித்து வீழ்த்தியதில், அடிபட்டு இறந்தான்.

பெரிய கிளப்புகள் பத்துக்கு மேல் பிரெஞ்சு ரக்பி சம்மேளனத்தை விட்டு விலகின. 1931ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் பிரான்ஸோடு ஆடமாட்டோம் என்று முறித்துக்கொண்டன. மறைமுகச் சம்பளமும் மைதான வன்முறையும்தான் காரணம். ஐந்து நாடுகள் போட்டிக்கு பிரான்ஸ் திரும்பியது 1947ல்தான். 1995ல்தான் பணம் வந்தது என்றால், இந்தப் பதினாறு வருடத் தண்டனை எதற்கு என்று கட்டுரையாளரைக் கேட்க வேண்டும்.

பழியில் பெரும் பங்கு பூரெல் தலையில் விழுந்தது. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. ஆட்டக்காரனுக்கு ஒரு கஃபே வைத்துக் கொடுப்பது, பேருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுப்பது எல்லாம் மற்ற ஊர்களிலும் நடந்ததுதான். மூவாயிரம் பேர் ஊரிலிருந்து வந்து பெரிய நகரங்களைத் தோற்கடித்ததுதான் பொறுக்கவில்லை போலும். அதே சமயம், ரிவியேர் செத்த பிறகும் அணி நிற்காமல் மூன்று இறுதி ஆட்டங்கள் ஆடியது என்பதையும் நான் மறக்கத் தயாரில்லை.

ஆட்டக்காரர்கள் கதையும் திசைக்கொன்றாகப் போனது. கலியா தடை வாங்கி, 1934ல், பதினைந்து பேர் ஆடும் இந்த ரக்பியிலிருந்து வேறான, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீகை பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார். அதில் சம்பளம் வெளிப்படை. லெஸீஞானே பிற்பாடு லீக் ஊராகிவிட்டது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் இருந்த ப்ருதுஸ் 1944ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் காவலில் இறந்தார். பெர்ப்பிஞானில் அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் இன்று ஆடுவதும் லீக் அணிதான்.

தொப்பி போடும் பழக்கமே போனதும் ஆலைகள் மூடின. அப்புறம் கீயானில் ஃபார்மைக்கா தகடு செய்தார்கள், நாம் மேசைக்கும் பீரோவுக்கும் ஒட்டுகிற அதே மைக்காதான். அந்த ஆலையும் 2004ல் மூடியது. கிளப் இன்னும் இருக்கிறது, கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டு.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். பிரெஞ்சு சாம்பியனுக்குத் தருவது வெள்ளிக் கோப்பை என்று போட்டிருக்கிறீர்கள். கோப்பையே அல்ல. பித்தளைத் தகடு பதித்த மரப்பலகை. பிரென்னுஸ் கேடயம் என்று பெயர். 1892லிருந்து கொடுக்கிறார்கள். ஜெயித்த ஊர்களின் பெயர்களைச் சின்னச் சின்னத் தகடுகளில் பொறித்து அதில் அடித்து வைப்பார்கள். அடுத்த முறை படம் போடும்போது கொஞ்சம் பெரிதாகப் போட்டால், 1929க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.