மாமல்லபுரத்தில் அந்தச் சனிக்கிழமை: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் 18 வயதிலேயே உலக சாம்பியன் ஆனபோது, எங்கள் நாகப்பட்டினம் செஸ் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன முதல் வார்த்தை, "சார், இவரை நாம பக்கத்துல நின்னு பார்த்தோம்!" என்பதுதான். உண்மைதான், பார்த்தோம். 2022 ஆகஸ்ட் 6, மாமல்லபுரம், நாடுகள் அணி அணியாக மோதும் 44-வது செஸ் ஒலிம்பியாடின் எட்டாவது சுற்று. விளையாட்டில் நான் கண்ட நாள்களில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். அந்த நாள் எங்களுக்குத் தானாகக் கிடைக்கவில்லை. பலர் சேர்ந்து கொடுத்தது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அந்தப் போட்டி முதலில் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுக்கப்பட்டு, மார்ச் மாதம் சென்னைக்கு வந்தது. ஜூலை 28-இல் தொடக்க விழா. இடையில் இருந்தது நான்கு மாதம்தான். அதற்குள் பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகளுக்கு மேசை, கடிகாரம், தங்குமிடம், சாப்பாடு, வண்டி எல்லாம் ஏற்பாடு ஆனது. ஒரு வட்டாரப் போட்டி நடத்தவே நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அதனால் முதல் வணக்கம், பெயர் வெளியே வராமல் உழைத்த அந்த ஊழியர்களுக்கும் நடுவர்களுக்கும்.

அடுத்தது எங்கள் ஊர்க்காரர்கள். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வேன் ஓட்டி வந்த அண்ணனுக்கு நன்றி. காரைக்கால், கடலூர், புதுச்சேரி, மரக்காணம் என்று அவ்வளவு தூரமும் பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வந்தார். அந்த டீசல் காசைக் கொடுத்தவர் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா. அவர் மகளும் எங்களிடம் படிக்கிறாள். "ஆதிபன் நம்ம ஊர்ல பிறந்த பையனாமே, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். இந்தியா இறக்கிய அணிகளில் இரண்டாவதான 'பி' அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானியோடு நாகப்பட்டினத்தில் பிறந்த ஆதிபனும் இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமா? விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும், அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கிய பெற்றோரிடம் தானே போய்ப் பேசிய தலைமையாசிரியை அம்மாவுக்கும் நன்றி.

அரங்கத்தில் எங்களுக்கு உதவிய தன்னார்வலர் தங்கைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவிபோலத் தெரிந்தது, பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, "உள்ளே போனால் மூச்சு சத்தம்கூடக் கேட்கக் கூடாது, சரியா?" என்று சொல்லிக் கூட்டிப்போனார். பாலஸ்தீன அணியில் எட்டு வயதுச் சிறுமி ரண்டா செடார் ஆடுகிறாள் என்று எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொன்னவரும் அவர்தான். நிறைமாதக் கர்ப்பத்தோடு இந்திய வீராங்கனை ஹரிகா ஆடிக்கொண்டிருந்ததையும் அவர்தான் காட்டினார். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண், திரும்பி வரும் வழியெல்லாம் ரண்டாவைப் பற்றியே பேசினாள். இன்று எங்கள் வகுப்பில் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பெண்தான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அன்று இந்திய 'பி' அணிக்கு எதிரே அமெரிக்கா. தரவரிசையில் முதல் அணி. ஓர் அணிக்கு நான்கு பலகை. முதல் பலகையில் குகேஷுக்கு எதிரே ஃபாபியானோ கருவானா, 2018-இல் உலகப் பட்டத்துக்கு ஆடியவர். குகேஷுக்கு அப்போது வயது 16, அதற்கு முன் ஆடிய ஏழு ஆட்டத்திலும் வெற்றி. உள்ளே நாங்கள் நின்றது கொஞ்ச நேரம்தான். வெளியே வந்த பிறகு, சாலையோரம் டீக்கடை வைத்திருந்த அக்கா எங்களுக்கு ஒரு பெஞ்சு முழுவதையும் விட்டுக்கொடுத்தார். அதில் பலகையை விரித்து, என் கைப்பேசியில் நகர்வு வர வர பிள்ளைகள் காயை நகர்த்தினார்கள். டீ குடிக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் லாரி ஓட்டுநர், செஸ் தெரியாதவர். "இப்ப யாரு கை ஓங்கியிருக்கு?" என்று நிமிடத்துக்கொரு முறை கேட்டார். பிள்ளைகள் சளைக்காமல் விளக்கினார்கள். கருவானா ஆட்டத்தை விட்டுக்கொடுத்த செய்தி வந்ததும் எழுந்த கூச்சலில், கடைக்கார அக்காவும் கை தட்டினார். குகேஷுக்கு எட்டுக்கு எட்டு. அணிக்கு 3-1 வெற்றி. அக்கா டீக்குக் காசு வாங்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பத்தாவது சுற்றில் குகேஷ், வென்றிருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் இழந்தார். தங்கமும் உஸ்பெகிஸ்தானுக்கே போனது. எங்கள் பிள்ளைகளில் சிலர் அழுதார்கள். ஆனால் மறுநாள் காலையே அவர் வந்து முதல் பலகையில் உட்கார்ந்தார், அணி ஜெர்மனியை வென்று வெண்கலம் வாங்கியது. ஒரு பயிற்சியாளராக எனக்கு அந்தக் காலைதான் பெரிது. தோற்றுவிட்டு வகுப்புக்கு வராமல் இருக்கும் பிள்ளைகளிடம் இன்றும் அதைத்தான் சொல்கிறேன். குகேஷ் தம்பிக்கு வெற்றிக்கு மட்டுமல்ல, இதற்கும் நன்றி.

பயிற்சியாளராக அந்த அணிக்குப் பின்னால் நின்ற ஆர்.பி. ரமேஷ் அவர்களுக்கும், 1961-இலேயே நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டராகி, பிறகு சென்னையில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கி வைத்த மானுவல் ஆரோன் ஐயாவுக்கும் என் வணக்கம். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் அது.

இதைப் படிப்பவர்களில் அந்தத் தன்னார்வலர் தங்கையோ, டீக்கடை அக்காவோ, லாரி ஓட்டுநர் அண்ணனோ இருந்தால், நாகை பக்கம் வரும்போது அவசியம் வாருங்கள். ஞாயிறு காலை வகுப்பு உண்டு. லாரி அண்ணனுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு செஸ் ஆசிரியர்