'இஃப்' வேறு, 'வெதர்' வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் "இஃப் (if), வெதர் (whether) இரண்டும் ஒன்றே, எதை வேண்டுமானாலும் போடலாம்" என்று ஒரு கட்டம் வந்திருந்தது. மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். பத்தாவது படிக்கும் என் பேத்தி அந்தக் கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

'அவர் வருவாரா, தெரியவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுத இரண்டில் எதைப் போட்டாலும் சரி. அந்த அளவுக்கு உங்கள் கட்டத்தில் பிழையில்லை. 'தெரிவியுங்கள்' என்பதோடு சேரும்போது கதை மாறிவிடுகிறது. "லெட் அஸ் நோ இஃப் யூ நீட் சீட்ஸ்" என்றால் விதை வேண்டுமானால் சொல்லுங்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வேண்டாதவர் பேசாமல் இருந்துவிடலாம். அதே இடத்தில் 'வெதர்' வந்தால் வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டில் ஒரு பதில் கட்டாயம் போக வேண்டும்.

எங்கள் தெருவில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவருக்குக் குறுவைக்கு முன்னால் விதை விற்பவரிடமிருந்து கைப்பேசியில் ஆங்கிலத்தில் செய்தி வந்தது. ஏ.டி.டி. 45 நெல் விதை வேண்டுமா என்று கேட்டு, 'வெதர்' போட்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் அதை "வேண்டுமானால் தெரிவிக்கவும்" என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். வீட்டிலேயே விதை இருந்ததால் இவர் பதில் போடவில்லை. பதில் வராதவர்களுக்கெல்லாம் போன வருடக் கணக்கே என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். மூன்று மூட்டை வாசலில் வந்து இறங்கியது. பணம் கேட்டு ஆள் வந்த பிறகுதான் அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று கைப்பேசியை என்னிடம் கொண்டுவந்தார். பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒன்று என்றுதான் அவனுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் தமிழில் இந்த வேறுபாடு பளிச்சென்று இருக்கிறது. 'வேண்டுமானால்', 'வேண்டுமா' என்று ஈற்றை மாற்றினால் போதும். நான் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன். முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல், 'ஆ' என்று கேள்வியாக முடிகிறதா, 'ஆல்' என்று நிபந்தனையாக முடிகிறதா பார் என்பேன். 'ஆல்' வந்தால் 'வெதர்' பக்கமே போகக்கூடாது. 'போவதா, இருப்பதா' என்ற தயக்கத்துக்கு 'வெதர் டு கோ' உண்டு, 'இஃப் டு கோ' கிடையாது. 'வந்தாலும் வராவிட்டாலும்' என்பதற்கும் 'வெதர்' போட்டு 'ஆர் நாட்' சேர்ப்பதுதான் வழி.

இன்னொன்றும் என் மனத்தை அரிக்கிறது. சென்ற அறுவடையில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் "ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் நெல் எடுக்கப்படும்" என்று தாள் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் காயவைத்து 17க்குள் கொண்டுவந்தவர்களிடம் இன்று சாக்கு இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். தாளில் இருந்தால் எடுக்கப்படும் என்றுதானே போட்டிருக்கிறது என்று இவர்கள் சண்டைக்குப் போனார்கள். அந்தத் தாளின் ஆங்கில மூலத்தையும் பார்த்தேன். அதில் 'அன்லெஸ்' இருந்தது. 17க்குள் இருந்தாலொழிய எடுக்க மாட்டோம் என்பது அதன் பொருள். இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவோம் என்ற வாக்குறுதி அதில் இல்லை. 'இருந்தால்தான்' என்று எழுதியிருக்கலாம். அந்தத் 'தான்' விட்டுப்போனதால் களத்தில் அத்தனை பேர் தொண்டை வறளக் கத்தினார்கள்.

'இன் கேஸ்' என்பதையும் 'வந்தால்' என்றே பலர் மொழிபெயர்க்கிறார்கள். 'இஃப் இட் ரெயின்ஸ்' தார்ப்பாய் போடு என்றால் மழை வந்த பிறகு போட்டால் போதும். 'இன் கேஸ்' என்றால் மழை வந்தாலும் வரும், இப்போதே மூடி வை என்று பொருள். நெல்லைக் குவித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் மொழியே கவனம் கேட்கிற இடமும் இருக்கிறது. 'மாமா வந்தால் சொல்லு' என்கிறோம். மாமா வருவது உறுதியா, சந்தேகமா என்பது அந்த 'வந்தால்' என்பதில் தெரியாது. ஆங்கிலத்தில் உறுதியானால் 'வென்', உறுதி இல்லையென்றால் 'இஃப்'. மேட்டூர் அணையில் ஜூன் 12 திறப்பு வழக்கம் என்றாலும் எல்லா வருடமும் அந்தத் தேதி நிலைப்பதில்லை. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள், எங்கள் பாமணியாற்றுக்கும் கடைமடைக்கும் அதற்கு மேலும் ஆகும். ஆங்கிலச் செய்தியில் 'வென்' இருக்கும்போது நீங்கள் 'திறந்தால்' என்று போட்டால் நாற்றங்கால் விடலாமா என்று இங்கே கை தயங்கும். 'இஃப்' இருந்ததைத் 'திறந்ததும்' என்று போட்டால் நம்பி விட்ட நாற்று காயும்.

'டவுட்', 'சஸ்பெக்ட்' இரண்டுக்கும் 'சந்தேகம்' என்றே எழுதுவதும் இந்த வகைதான். அவன் மடையைத் திறந்தான் என்பதை 'ஐ டவுட்' என்றால் திறந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட்' என்றால் திறந்திருப்பான் என்று நினைக்கிறேன். நேர் எதிர். 'தண்ணி கடைமடைக்கு வர்றது டவுட்டுதான்' என்று டீக்கடையில் சொல்கிறவர் அந்தச் சொல்லை மிகச் சரியாக ஆளுகிறார். கேள்வி கேட்க எழுந்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்னும் நம் பிள்ளைகளை, சொன்னதை நம்ப மறுக்கிறார்கள் என்று வெளிநாட்டார் நினைத்துக்கொள்ளக்கூடும்.

அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'வேண்டுமானால் சொல்லுங்கள்', 'வேண்டுமா என்று சொல்லுங்கள்' என்ற இரண்டு வாக்கியங்களும் அவற்றின் ஆங்கிலமும் இருந்தால் போதும். பேத்தியின் நோட்டில் பழையதன் மேலேயே ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்