பூம்பாறை பஸ் எவ்வளவு லேட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் வந்தால் கொடைக்கானல் இ-பாஸ் செய்தி உங்கள் நாளிதழில் தவறாமல் வருகிறது. வெளியூர் வண்டிகள் மலையேறுமுன் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி அது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ல் தொடங்கியது. 2025 சீசனுக்கு நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. நல்லதுதான். ஆனால் கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர் என்று இருக்கும் மேல்மலை ஊர்க்காரர்களின் பாடு இந்தக் கணக்கில் வரவில்லை.

நான் பூம்பாறையில் பூண்டு போடுகிறவன். எங்கள் சரக்கு போகும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் உள்ள வடுகபட்டிப் பூண்டுச் சந்தை வியாழனும் ஞாயிறும் கூடும். ஞாயிறு சந்தைக்குச் சனிக்கிழமையே மூட்டை இறங்கியாக வேண்டும். கார்கள் வரிசைகட்டி ஏறிவரும் அதே சனிக்கிழமை. பைன் காட்டருகே ரோட்டின் இரண்டு ஓரமும் காரை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். எங்கள் பிக்கப் முதலில் மாட்டுவது அங்கே. அப்புறம் கொடைக்கானல் ஊருக்குள் ஏழுரோடு, அப்புறம் மூஞ்சிக்கல். மூஞ்சிக்கல்லில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போனால் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை, திரும்பி வருவதற்குள் வண்டி நகர்ந்திருக்காது. எங்களுக்காவது விலைதான் குறையும். மன்னவனூர், கவுஞ்சியிலிருந்து பிரசவ வலியோடு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்கும் இதே ரோடுதான்.

உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் விலக்கு உண்டு. நெரிசலில் விலக்கு ஏது?

வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்து அனுப்புகிறார்கள். அதற்குமேல் அந்த வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. 4,000 வண்டியும் காலை பத்து மணிக்குப் பைன் காட்டுக்குத் திரும்பினாலும் வரம்பு மீறவில்லை என்றுதான் கணக்கு சொல்லும்.

இதற்குக் கோடிக்கணக்கில் கேமரா கேட்கவில்லை. மேல்மலைக்கு அரசு பஸ் தினமும் போய்வருகிறது. எத்தனை மணிக்கு வர வேண்டியது, எத்தனை மணிக்கு வந்தது என்பது பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பருக்குத் தெரியும். பூம்பாறை, மன்னவனூர் பஸ்கள் எந்தக் கிழமை, எந்த வேளையில் எவ்வளவு பிந்துகின்றன என்று ஒரு சீசன் முழுக்க எடுத்து எழுதினாலே போதும், ரோடு எப்போது அடைக்கிறது என்பது வெளிச்சமாகிவிடும். பஸ் அரை மணிக்குமேல் பிந்தும் வேளைகளில் அப்சர்வேட்டரி (சூரிய ஆய்வகம்) பக்கமே கார்களை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். பைன் காட்டு ஓரத்தில் நிறுத்துவதை அந்த நேரத்துக்காவது போலீஸ் தடுக்கலாம்.

மலைக்கு இன்று இத்தனை வண்டி வந்தது என்று செய்தி போடுகிறீர்கள். பூம்பாறை பஸ் இன்று இத்தனை நிமிடம் லேட் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்த விவரத்தைத் தரும்படி போக்குவரத்துக் கழகத்தை உங்கள் நாளிதழே கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

- ஒரு பூண்டு விவசாயி,
பூம்பாறை, திண்டுக்கல் மாவட்டம்.